சனிக்கிழமை எழுந்திருக்காத கார்

நின்றிருக்கும் எந்தக் காரைப் பார்த்தாலும் அதன் பானெட்டின் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்க்கும் பழக்கம் எனக்கு இன்னும் போகவில்லை. கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கும் கார், மருமகனின் கார், பாங்கு வாசலில் யாரோ நிறுத்திவிட்டுப் போன கார், எதுவானாலும் கை தானாகப் போய்விடும். ஒருமுறை ஒரு காவல்காரன் திருடன் என்று நினைத்து என்னை விரட்டியே இருக்கிறான். சூடாக இருக்கிறதா, ஆறிவிட்டதா என்று தெரிந்துகொள்ளாமல் என்னால் ஒரு காரைத் தாண்டிப் போக முடியாது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். எனக்கு இது தொட்டிலில் வந்ததல்ல, வொர்க்‌ஷாப்பில் வந்தது. ஆனால் போய்ச் சேரும் இடம் ஒன்றுதான்.

சமீபத்தில் எங்கள் பழைய வொர்க்‌ஷாப் ஆட்கள் ஒருநாள் கூடினோம். பாதிப் பேருக்குப் பல் இல்லை, மீதிப் பேருக்குக் காது கேட்கவில்லை. இப்போது சர்வீஸ் ஸ்டேஷன்களில் வேலை செய்யும் இளைஞர்கள் சிலரும் வந்திருந்தார்கள். என் கைப்பழக்கத்தைப் பார்த்து அவர்களில் ஒருவன் சிரித்தான்.

"இன்னா ஸார், தொட்டுப் பாக்கறீங்க? இப்போ வர்ற வண்டில சோக்கே கெடையாது. காலைல சாவியத் திருப்புனா எந்திரிச்சுக்கும். குளிர்ல மிஸ் அடிக்குதுன்னு ஒரு கம்ப்ளைன்ட்டு நாங்க பாத்ததே இல்ல. அந்தக் காலத்துல அதுக்கெல்லாம் நீங்க என்னதான் பண்ணீங்க?"

கேட்டானே தவிர, பதில் வருவதற்குள் பிரியாணிப் பந்திக்கு எழுந்து போய்விட்டான். அவன்மேல் தப்பில்லை, பந்திக்கு முந்து என்று பெரியவர்களே சொல்லியிருக்கிறார்கள். அவன் காத்திருந்து கேட்காத பதிலைத்தான் எழுதுகிறேன்.

நான் ஒக்கலிபுரத்துக்காரன். அப்பா ரயில்வே யார்டில் கூலி. யுத்த காலத்தில் ராணுவ லாரிகளைப் பழுதுபார்க்கும் இடத்தில் கிரீஸ் துடைக்கச் சேர்ந்து, துடைத்துக்கொண்டே ஸ்பானர் பிடித்தேன். கற்றுக்கொண்ட கதையில் புதிதாக ஒன்றும் இல்லை. அடி, திட்டு, மண்ணெண்ணெய் நாற்றம், எல்லா மெக்கானிக்கின் கதையும் அதுதான். சுதந்திரத்துக்குப் பிறகு ராணுவம் ஆட்களைக் குறைத்தது. நான் கன்டோன்மென்ட்டில் சீமைக் கார்களுக்கு வேலை செய்த ஒரு பெரிய வொர்க்‌ஷாப்பில் மெக்கானிக்காகச் சேர்ந்தேன். அங்கேதான் ஃபோர்மன் லாசரஸிடம் மாட்டினேன்.

லாசரஸ் லிங்கராஜபுரத்துக்காரர். மடிப்புக் கலையாத காக்கிச் சட்டை, காதில் பென்சில். ஞாயிறு சர்ச்சுக்குப் போகும்போதும் காதில் பென்சில் இருக்குமா என்று நாங்கள் பந்தயம் கட்டியதுண்டு. இருந்ததாகத்தான் கேள்வி. அவர் ஒருநாளும் குரலை உயர்த்தியதில்லை. சந்தோஷமாக இருந்தால் என்னை "வாடா சிகாமணி" என்பார். கோபம் வந்துவிட்டால் மரியாதை கூடிவிடும். "வாங்க சிகாமணி, உட்காருங்க" என்று அவர் சொன்னால் அன்று செய்த வேலையையெல்லாம் மனசுக்குள் மறுபடி பிரித்துப் பார்ப்பேன். ஒரு தடவை பின்சக்கர நட்டைச் சரியாக முடுக்காமல் விட்ட ஒருவனை, "ஐயா, தாங்கள் நாளையிலிருந்து வர வேண்டாம்" என்று கைகூப்பி அனுப்பினார்.

காலையில் கார் சரியாக ஸ்டார்ட் ஆகவில்லை, உதறுகிறது, நின்று நின்று போகிறது என்று யாராவது வந்தால், லாசரஸ் அவர்கள் சொல்வதைக் காதில் வாங்குவதற்கு முன்பே பானெட்டின் மேல் உள்ளங்கையை வைப்பார். சூடாக இருந்தால் பானெட்டைத் திறக்கக்கூட விடமாட்டார்.

"இது முழிச்சுக்கிட்டு இருக்குது. முழிச்சுக்கிட்டு இருக்கறவன்கிட்ட தூக்கத்துல ஏன் உளர்றேன்னு கேட்டா அவனுக்கு என்ன தெரியும்? வண்டிய விட்டுட்டுப் போங்க. ராத்திரி இங்கயே தூங்கட்டும்."

மறுநாள் காலை அவரே வந்து நிற்பார். அவர் வரும் வரை யாரும் காரைத் தொடக்கூடாது. ஆறின எஞ்சின் ஒரு நாளைக்கு ஒரே ஒரு தடவைதான் எழுந்திருக்கும், அந்த ஒரு தடவையை வீணாக்கினால் அடுத்தது நாளைக்குத்தான் என்பது அவர் கணக்கு. அதனால் ஒரு காலைக்கு ஒரு மாற்றம் மட்டுமே செய்யலாம். இன்று பிளக் என்றால் பிளக் மட்டும். கையோடு கார்புரேட்டரையும் திருகிவிட்டால், கார் சரியானாலும் எதனால் சரியானது என்று தெரியாது. தெரியாமல் சரியாவதை அவர் சரியானதாகவே எடுத்துக்கொள்ளமாட்டார். மற்ற வொர்க்‌ஷாப்பில் ஒரு மணி நேரத்தில் முடிக்கும் வேலையை நாங்கள் ஒரு வாரம் இழுத்தோம் என்று ஊரெல்லாம் பேச்சு. அந்த வொர்க்‌ஷாப்புக்குப் போன கார்கள் மறுபடியும் எங்களிடமே வந்ததைப் பற்றி யாரும் பேசவில்லை.

இன்னொன்றும் அவர் சொல்வார். ஒரு மண்டிக்காரரின் புதுக் கார் காலையில் நாலு தடவை தும்மிவிட்டுத்தான் கிளம்பும். நான் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவிப் பூட்டினேன், பலனில்லை. லாசரஸ் மண்டிக்காரரையே காலையில் வரவழைத்து, "நீங்களே ஸ்டார்ட் பண்ணுங்க" என்று பக்கத்தில் நின்றார். ஆறின எஞ்சினுக்குப் பெட்ரோலைக் கூட்டிக் கொடுக்கும் சோக் பிடியை மனிதர் தொடவே இல்லை. இழுத்தால் கையோடு வந்துவிடுமோ என்று பயமாம். லாசரஸ் ஜன்னல் வழியாகக் கையை நீட்டி இரண்டு விரலால் அதை இழுத்துவிட்டார், கார் ஒரே உறுமலில் கிளம்பியது. மண்டிக்காரர் போன பிறகு லாசரஸ் என்னைப் பார்த்து, "வண்டிய மட்டும் பாக்காதடா. ஸ்டார்ட் பண்றவனையும் பாரு" என்றார். எனக்கு அப்போது அது பெரிய விஷயமாகத் தெரியவில்லை.

அல்சூர் ஏரிப் பக்கம் ஒரு லேடி டாக்டர் இருந்தார். டாக்டர் பத்மாவதி என்று வைத்துக்கொள்ளுங்கள். தகப்பனார் மைசூர் சமஸ்தானத்தில் பெரிய உத்தியோகம் பார்த்தவர். டாக்டரம்மா கல்யாணம் செய்துகொள்ளவில்லை. கன்டோன்மென்ட்டில் பாதி வீடுகளில் பிரசவம் பார்த்த கை அவருடையது. நடுச்சாமமோ விடியற்காலையோ, ஆள் வந்து கூப்பிட்டால் கிளம்பிவிடுவார். அதற்காகவே ஒரு கறுப்புச் சீமைக் கார் வைத்திருந்தார். அதை ஓட்டியவர் தங்கவேலு, மர்பி டவுன்காரர், என்னைவிடப் பத்து வயது மூத்தவர். அவரைப் போலக் காரைத் துடைக்கிற டிரைவரை நான் பார்த்ததில்லை. எங்களிடம் சர்வீஸுக்குக் கொண்டுவரும்போது எஞ்சின்கூட எண்ணெய்ப் பிசுக்கில்லாமல் பளபளவென்று இருக்கும். டாக்டரிடம் போகும் முன் காலைக் கழுவிக்கொண்டு போகிற மாதிரி, வொர்க்‌ஷாப்புக்கு வரும் முன் எஞ்சினைத் துடைத்துக்கொண்டு வருகிறார் என்று நாங்கள் கேலி செய்வோம்.

ஒரு வருஷம் தசரா சமயத்தில் அந்தக் கார் வழக்கமான சர்வீஸுக்கு வந்து போனது. மழை விட்டுப் பனி ஆரம்பித்ததும் தொல்லையும் ஆரம்பித்தது. காலையில் செல்ஃப் ஸ்டார்ட்டரை அமுக்கினால் எஞ்சின் இரண்டு சிலிண்டரில் உதறும், கார்புரேட்டர் வழியாகப் பட்பட்டென்று வெடிக்கும், அப்புறம் செத்துவிடும். எப்படியோ கிளப்பிக் கொஞ்சம் ஓட்டிவிட்டால் பிறகு வெண்ணெய் மாதிரி ஓடும். எந்த நாளில் என்று லாசரஸ் கேட்டதற்குத் தங்கவேலு யோசித்துச் சொன்னார்.

"சனிக்கெழம காலைலதான் ஸார் ரொம்ப பேஜார் பண்ணுது. மத்த நாள்ல சும்மா இருக்குது."

வொர்க்‌ஷாப்பே சிரித்தது. சனி பிடித்த கார் என்று அதற்குப் பெயர் வைத்தோம். எள் விளக்குப் போடச் சொன்னான் ஒருவன். லாசரஸ் சிரிக்கவில்லை. உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், காரை விட்டுவிட்டுப் போகச் சொன்னார். வெள்ளிக்கிழமை இரவு எங்கள் தகரக் கொட்டகையில் தூங்கிய கார், சனிக்கிழமை காலை முதல் அமுக்கிலேயே எழுந்துகொண்டது. ஆனாலும் ஒரு காலைக்கு ஒன்றாக, பிளக்கைக் கழற்றி இடைவெளி பார்த்தோம், பாயின்ட்டைத் தேய்த்தோம், கண்டென்சர் மாற்றினோம், பாட்டரியைச் சோதித்தோம், சோக் கம்பி முழுக்க மூடுகிறதா என்று பார்த்தோம். எதிலும் ஒரு குறையும் இல்லை. கார் வீட்டுக்குப் போனது. அடுத்த சனிக்கிழமை மறுபடியும் உதறல்.

அப்படியே போயிருந்தால் வேடிக்கைக் கதையாகவே முடிந்திருக்கும். ஒரு சனிக்கிழமை, இன்னும் விடியாத நேரத்தில், காக்ஸ் டவுனிலிருந்து ஆள் ஓடி வந்தான். பிரசவமான பெண்ணுக்கு ரத்தம் நிற்கவில்லை. டாக்டரம்மா பையோடு காரில் உட்கார்ந்துவிட்டார். கார் உதறியது, வெடித்தது, நின்றது. தங்கவேலு ஹேண்டில் போட்டுச் சுற்றிச் சுற்றி உள்ளங்கைத் தோல் உரிந்துவிட்டது. கடைசியில் டாக்டரம்மா தெருவில் ஓடி ஒரு ஜட்கா வண்டியைப் பிடித்துப் போனார். பெண் பிழைத்தாள், மயிரிழையில்.

அன்று மத்தியானம் டாக்டரம்மாவே வொர்க்‌ஷாப்புக்கு வந்தார். கார் பின்னால் நின்றது, தங்கவேலு அதன் பக்கத்தில் தலைகுனிந்து நின்றார்.

"லாசரஸ், அந்தப் பொண்ணு பொழைச்சது என்னால இல்லை. அவ ஆயுசு கெட்டி, அவ்வளவுதான். இன்னொரு தடவை அந்த மாதிரி நின்னுண்டு இருக்க என்னால முடியாது. இந்த மாசத்துக்குள்ள சரியாகலேன்னா வண்டியைக் குடுத்துடறேன். டாக்சிக் கம்பெனியோட ஏற்பாடு பண்ணிக்கறேன்." கொஞ்சம் தயங்கிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "என் தம்பி வேற ஒண்ணு சொல்றான். தங்கவேலு பெட்ரோலை எடுத்துட்டு மண்ணெண்ணெய் கலக்கறானோன்னு. நான் நம்பலை. ஆனா நம்பாம எத்தனை நாள் இருக்கறது?"

தாழ்த்திச் சொன்னாலும் தங்கவேலு காதில் விழுந்திருக்க வேண்டும். அவர் முகம் போன போக்கு எனக்கு இன்னும் கண்ணில் இருக்கிறது. வேலை போவதைக்கூட அவர் தாங்கியிருப்பார். டாக்டரம்மா தன்னைச் சந்தேகப்படுவதை அவரால் தாங்க முடியாது. ஏன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு சனிக்கிழமை மட்டும் என்பது போய், தினமும் காலையில் உதறல் என்று ஆனது. நான் டாக்டர் வீட்டுக்கே போய்ப் பார்க்கிறேன் என்று தங்கவேலுவிடம் சொல்லியனுப்பினேன். சொன்னபடி மறுநாள் காலை போனேன். எஞ்சின் சுத்தமாக, ஆறிப்போய், சாதுவாக இருந்தது. ஒரே அமுக்கு, எழுந்துகொண்டது. நான் அசடு வழியத் திரும்பினேன். அதற்கு அடுத்த நாள் கார் மறுபடியும் செத்தது.

"வாங்க சிகாமணி, உட்காருங்க" என்றார் லாசரஸ்.

நான் உட்காரவில்லை.

"இங்க தூங்கினா நல்லா எந்திரிக்குது. நீங்க போறேன்னு சொல்லிட்டுப் போனா அங்கயும் நல்லா எந்திரிக்குது. நீங்க வரலேன்னா எந்திரிக்கலே. நீங்க வர்றது வண்டிக்குத் தெரியுங்களா?"

"தெரியாது ஸார்."

"யாருக்குத் தெரியும்?"

எனக்குப் புரிந்தது. புரிந்ததும் பிடிக்கவில்லை. "ஸார், தங்கவேலு அப்படிப்பட்ட ஆளு இல்ல."

"நானும் அப்படித்தான் நெனைக்கறேன். நெனைப்ப வெச்சு கார் ஓட்ட முடியாதுங்க. நாளைக்குச் சொல்லாம போங்க. மொதல்ல பெட்ரோல மோந்து பாருங்க."

மறுநாள் ஒக்கலிபுரத்திலிருந்து சைக்கிளை மிதித்தேன். ஏரி இருப்பதே தெரியாதபடி பனி மூடியிருந்தது. புருவமெல்லாம் ஈரம். ஒரு யோக்கியனை வேவு பார்க்கப் போகிறோமே என்ற குறுகுறுப்பு வழியெல்லாம் இருந்தது. டாக்டர் வீட்டுக் கார் ஷெட்டுக்கு மூன்று பக்கம்தான் சுவர், ஏரிக் காற்று நேராக உள்ளே வரும். எஞ்சினுக்குக் குளிரக் கூடாது என்று பானெட்டின் மேல் தங்கவேலு தன் சொந்தக் கம்பளியைப் போர்த்தியிருந்தார். அவர் அப்போதுதான் வந்து அதை எடுத்து மடித்துக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் திடுக்கிட்டுவிட்டார்.

நான் பெட்ரோல் டாங்க் மூடியைத் திறந்து ஒரு குச்சியை விட்டு எடுத்து மோந்து பார்த்தேன். சுத்தமான பெட்ரோல். எனக்கு உயிர் வந்தது. நிமிர்ந்தால் தங்கவேலு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இன்னா மேஸ்திரி, மண்ணெண்ணெய் வாசன வருதா?"

"இல்லண்ணே."

"அந்த அம்மா சொல்லி அனுப்புனாங்களா?"

"இல்லண்ணே, ஃபோர்மன்தான்…"

"பரவால்ல. நல்லா மோந்து பாரு. இன்னொரு தபா பாரு." அவர் கண் கலங்கிவிட்டது. எனக்கு ஏரியில் விழலாம் போல இருந்தது.

பேச்சை மாற்ற, பானெட்டைத் திறக்கச் சொன்னேன். அவர் கை அதன் மேலேயே நின்றது.

"ரெண்டு நிமிஷம் இரு மேஸ்திரி. தொடச்சிட்டுத் தொறக்கறேன்."

"என்னத்தத் தொடைக்கணும்?"

அவர் கையை மெதுவாக விலக்கினேன். நானே தூக்கினேன். டார்ச் வெளிச்சத்தில் எஞ்சின் எப்போதும் போலப் பளபளத்தது. டிஸ்ட்ரிபியூட்டர் மூடி மட்டும் மஞ்சளாக இருந்தது.

தெரியாதவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். பிளக்குகளுக்குக் கரண்டைப் பங்குபோட்டுக் கொடுப்பது டிஸ்ட்ரிபியூட்டர். அதன் கறுப்பு மூடியில் கரண்ட் வருவதற்கு நடுவில் ஒரு குமிழ், நாலு சிலிண்டருக்குப் போவதற்குச் சுற்றி நாலு குமிழ். ஒவ்வொன்றிலும் ஒரு கறுப்பு வயர் செருகியிருக்கும். அந்த ஐந்து குமிழிலும் மஞ்சள் அப்பி, குங்குமப் பொட்டு வைத்து, மேலே பால் விட்டிருந்தது. பால் வழிந்த இடமெல்லாம் ஆடை போல் ஒட்டியிருந்தது. வயர் இடுக்கில் ஒரு முழ மல்லிகைச் சரம்.

"அஞ்சு தல நாகர் மேஸ்திரி" என்றார் தங்கவேலு, மெதுவாக. "தசரா சர்வீஸ்ல நீதானே இத்த கழட்டி மேஜ மேல வெச்சே? அப்பதான் பாத்தேன். எங்க மர்பி டவுன் அரசமரத்தடில கல்லுல இருக்கற அதே நாகர். இத்தன வருசம் பக்கத்துலயே ஓட்டியிருக்கேன், கண்ணுக்குத் தெரியல. அன்னிலேர்ந்து வெள்ளிக்கெழம சாயந்தரம் வண்டியக் கழுவிட்டு மஞ்ச வெச்சு பால் ஊத்தறேன். அந்தப் பேஜாரான நாளுக்கு அப்புறம் தெனம் ஊத்தறேன்."

"வொர்க்‌ஷாப்புக்கு வர்றப்போ?"

"அங்க ஃபோர்மன் வேதக்காரரு. அவருக்குச் சங்கடமா இருக்கக் கூடாதுன்னு தொடச்சிட்டுதான் வருவேன். நீ வரேன்னு சொன்னன்னிக்கும் தொடச்சேன். நீ கிரீஸ் கையோட சாமியத் தொடுவியே."

எனக்குப் பாதி புரிந்துவிட்டது. மீதியைக் கண்ணால் பார்க்க வேண்டும். லாசரஸிடம் வேலை பார்த்தவனுக்கு அப்படித்தான் இருக்கும். தங்கவேலுவை அங்கேயே நிற்கச் சொல்லி, டார்ச்சை அணைத்துவிட்டு, நான் உள்ளே உட்கார்ந்து செல்ஃப் அமுக்கினேன். எஞ்சின் உதறியது, வெடித்தது.

"மேஸ்திரி! எறங்கி வா! ஜல்தி வா!"

நான் இறங்கி ஓடினேன். அவர் இரண்டு கையையும் தலைக்கு மேல் கூப்பியிருந்தார்.

"அஞ்சு தலைலயும் ஜோதி ஓடுது மேஸ்திரி. நீலமா ஓடுது. என் கண்ணால பாத்தேன்."

அவரை உள்ளே உட்கார்ந்து அமுக்கச் சொன்னேன். இருட்டில் குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது நிஜம். ஈர மஞ்சளின் மேல் நூல் நூலாக நீலப் பொறி, ஒரு குமிழிலிருந்து இன்னொரு குமிழுக்கு ஊர்ந்துகொண்டிருந்தது. ஒன்றாவது சிலிண்டருக்குப் போக வேண்டிய கரண்ட் பனி ஈரத்தில் ஊறிய மஞ்சள் பாலின் மேல் நடந்து மூன்றாவதுக்குப் போனால் எஞ்சின் வெடிக்காமல் என்ன செய்யும்? கொஞ்சம் ஓடி எஞ்சின் சூடேறினால் எல்லாம் காய்ந்து உதிர்ந்துவிடும், பிறகு வெண்ணெய்தான். வெள்ளிக்கிழமை வைத்த மஞ்சள் சனிக்கிழமை காலையில் பழிவாங்கியதும், தினமும் வைக்கத் தொடங்கியபோது தினமும் நின்றதும், எங்கள் கொட்டகையில் சாதுவாக இருந்ததும், எல்லாம் ஒரே நொடியில் வரிசையாக நின்றன. தொழிலில் அந்த மாதிரி நொடிக்காகத்தான் மனிதன் கிரீஸில் புரளுகிறான். எனக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பக்கத்தில் ஒருவர் சாமியைக் கண்ட பரவசத்தில் இறங்கி வந்து நின்றுகொண்டிருந்தார்.

மல்லிகைச் சரத்தை எடுத்து அவர் கையில் கொடுத்தேன். வயர்களை உருவி, மூடியைக் கழற்றி, உலர்ந்த துணியால் உள்ளும் புறமும் துடைத்து, பெட்ரோல் துணியால் ஒரு தடவை துடைத்து, நன்றாக ஆறவிட்டு மாட்டினேன். வேறு எதையும் தொடவில்லை. ஒரு காலைக்கு ஒரு மாற்றம். செல்ஃப் அமுக்கினேன். கார் எழுந்துகொண்டது, ஒரு தும்மல்கூட இல்லை.

நான் இறங்கும்போது தங்கவேலு பூவைக் கையில் வைத்துக்கொண்டு, ஓடுகிற எஞ்சினையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அப்போ, நான் கும்பிட்டதாலதான் நின்னுச்சா?"

ஏதாவது பொய் சொல்லியிருக்கலாம். பனி என்று சொல்லியிருக்கலாம், ஷெட்டுக்குக் கதவில்லை என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அழுகைதான் வந்தது. அவரே மேலே பேசினார்.

"கல்யாணமாகி ரொம்ப வருசம் எங்களுக்குக் கொழந்த இல்ல. நாகருக்குப் பால் ஊத்தித்தான் பொண்ணு பொறந்துச்சு. பிரசவம் பாத்தது இந்த அம்மா. தலகீழா இருந்த புள்ளய எடுத்துக் குடுத்தாங்க. இந்த அம்மா போற வண்டி எங்கயும் நிக்கக் கூடாதுன்னுதான் மேஸ்திரி ஊத்துனேன். அந்த காக்ஸ் டவுன் பொண்ணு செத்திருந்தா நான்தானே கொன்னிருப்பேன்?"

அவரை என்ன சொல்லித் தேற்றினேன் என்று நினைவில்லை. உருப்படியாக ஒன்றும் சொல்லியிருக்கமாட்டேன்.

வொர்க்‌ஷாப்புக்கு வந்து லாசரஸிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் காதிலிருந்து பென்சிலை எடுத்தார், மறுபடியும் வைத்தார்.

"நல்லவேளைடா, நீ போனே. நான் போய்த் தொடச்சிருந்தா வேதக்காரன் சாமிய அழிச்சிட்டான்னு ஆயிருக்கும்." பிறகு, "இன்னும் ரெண்டு மூணு காலை பாத்துட்டு அந்த அம்மாகிட்ட நானே சொல்றேன். நீ வாயத் தொறக்காத" என்றார்.

மூன்று காலையும் கார் எழுந்தது. டாக்டரம்மா வந்தார். என்ன கோளாறு என்று கேட்டார். சொல்லும் வார்த்தையில் ஒரு நூல் பிசகினாலும் எங்களை உண்டு இல்லை என்று ஆக்கிவிடும் லாசரஸ், அன்று ஒரே வார்த்தை சொன்னார்.

"ஈரம் டாக்டர். மூடி மேல ஈரம் பட்டு கரண்ட் வழி மாறிப் போச்சு. தங்கவேலு பேருல ஒரு குத்தமும் இல்ல. பெட்ரோல் சுத்தம்."

அதில் பொய் இல்லை. டாக்டரம்மா நிம்மதியாகத் தலையாட்டிவிட்டுத் திரும்பினார். கார் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்ற தங்கவேலு கதவைச் சாத்தினார்.

"ஈரம் இல்லம்மா. நான்தான்."

லாசரஸ் கண்ணால் அடக்கப் பார்த்தார். தங்கவேலு நிற்கவில்லை. மஞ்சள், பால், வெள்ளிக்கிழமை, தினமும் ஊற்றியது, வொர்க்‌ஷாப்புக்கு வரும்போது துடைத்தது, ஒன்று விடாமல் சொன்னார். சொல்லிவிட்டுக் கார்ச் சாவியை அவர் முன்னால் நீட்டினார்.

டாக்டரம்மா சாவியை வாங்கவில்லை. வொர்க்‌ஷாப்பில் சுத்தியல் சத்தம்கூட நின்றிருந்தது.

"தங்கவேலு, உன் பெண்டாட்டியைப் பிரசவத்துக்கு அழைச்சுண்டு வந்தியே, அன்னைக்கு அவ வயித்துல என்ன பூசியிருந்தே?"

அவர் விழித்தார். "நாகர் கோயில் மஞ்சம்மா."

"தொப்புள்லேர்ந்து விலா வரைக்கும் அப்பியிருந்தே. ஆபரேஷன் பண்ண வேண்டியிருந்தது. நான்தான் ஸ்பிரிட் போட்டு ஒண்ணு விடாம துடைச்சேன். நெத்தியில இருந்ததை மட்டும் விட்டுட்டேன், அது என் வேலைக்குக் குறுக்கே வரலை. உன் நாகர் கோவிச்சுண்டாரா? பொண்ணு நன்னாத்தானே இருக்கா?"

தங்கவேலு நின்ற இடத்திலேயே குந்தி உட்கார்ந்து, முகத்தைத் துண்டில் புதைத்துக்கொண்டு அழுதார். மூன்று நாளாக அடக்கிவைத்தது அது. டாக்டரம்மா அவர் அழுது முடிக்கும் வரை காத்திருந்தார். பிறகு லாசரஸ் பக்கம் திரும்பினார்.

"லாசரஸ், இந்த வண்டிக்கு நெத்தி எது?"

லாசரஸ் ஒரு நிமிஷம் யோசித்தார். அப்புறம் காரின் முன்னால் போய், பானெட் தொடங்கும் இடத்தில், ரேடியேட்டர் மூடிக்குக் கீழே, தன் உள்ளங்கையை வைத்தார்.

"இங்க வெய்யிடா தங்கவேலு. எவ்வளவு வேணுமோ வெய்யி. பால் மட்டும் வேணாம், துரு புடிக்கும்."

வயதில் அவருக்குச் சமமாக இருந்த தங்கவேலுவை அவர் 'டா' போட்டுக் கூப்பிட்டதை அன்றுதான் கேட்டேன். எங்கள் வொர்க்‌ஷாப்பில் அதற்கு மேல் ஒரு மரியாதை கிடையாது.

அதற்குப் பிறகு அந்தக் கார் வெகுகாலம் ஓடியது. நான் எத்தனையோ கார்களைப் பிரித்துப் பூட்டினேன், லாசரஸ் ஓய்வு பெற்ற பிறகு அவர் நாற்காலியிலும் உட்கார்ந்தேன், காதில் பென்சில் மட்டும் எனக்கு நிற்கவில்லை. தங்கவேலுவும் போய்விட்டார், டாக்டரம்மாவும் போய்விட்டார். அவர்களை நினைக்காமல் எனக்கு ஒரு பனிக்காலம் கழிவதில்லை.

ஸ்டேஷன் பக்கத்திலோ, சிவாஜி நகர் மார்க்கெட்டிலோ அந்தக் கறுப்புக் கார் நிற்பதைப் பார்த்தால் அருகில் போய் வழக்கப்படி முன்னால் கையை வைப்பேன். எஞ்சின் சூடா, ஆறிவிட்டதா என்று பார்க்கத்தான். கையை எடுத்தால் உள்ளங்கையில் மஞ்சள் ஒட்டியிருக்கும். நாளெல்லாம் கிரீஸ் கையை நிஜாரில் துடைத்தவன் நான். அதை மட்டும் துடைக்காமல் அப்படியே சைக்கிள் பிடியைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன்.